வீட்டுக்காரர் பேர்

எங்கள் தோட்டத்தில் லைன் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். இன்னொன்று, கைப்பேசிக்கு வருவது. முதல் லைனில் இருப்பவர்களுக்கு இரண்டாவது லைன் கிடைப்பதில்லை. வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன, சுற்றிலும் செம்பனை. கைப்பேசியை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு கோடு தெரியும், எடுத்துப் பேசுவதற்குள் போய்விடும். நன்றாகக் கிடைக்கிற இடம் மேட்டில் இருக்கிற இடுகாடு ஒன்றுதான். மந்தின் டவுன் பக்கத்துக் கைப்பேசிக் கோபுரம் அங்கிருந்து நேராகத் தெரியும். ஆண்கள் மோட்டாரில் ஏறிப் போய், கல்லறைகளுக்கு நடுவே நின்று தவணைக்காரனோடும் தங்கச்சி மாப்பிள்ளையோடும் சண்டை போட்டுவிட்டு வருவார்கள். பெண்கள் போவதில்லை. பெண்கள் அங்கே காலே வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

என் வீட்டுக்காரர் அந்த மேட்டில்தான் இருக்கிறார்.

அவர் லோரி ஓட்டினார். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவார். ஆலை வாசலில் எடை போடுவதற்கு லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அன்றைக்கு முன்னால் நின்ற லோரி நகர்ந்தது, இவருடையது நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்திருக்கிறார்கள், கெட்ட வார்த்தையில் திட்டியும் இருக்கிறார்கள். பிறகு ஒருவர் இறங்கிப் போய்க் கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். கை ஸ்டியரிங்கின் மேலேயே இருந்ததாம். மாரடைப்பு என்று சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்த எல்லாருமே ஒருவர் விடாமல் அந்த ஹாரனைப் பற்றியும் சொன்னார்கள். எதற்காகச் சொன்னார்களோ தெரியவில்லை.

அடக்கத்தன்று முச்சந்தி வரைக்கும் என்னைக் கூட்டிப் போனார்கள். அதற்கு மேல் ஆண்கள் தூக்கிக்கொண்டு போக, நாங்கள் நின்றுவிட்டோம். மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், என் கையைப் பிடித்திருந்தார். அவருக்கும் அதற்கு மேல் போக அனுமதி இல்லை. பெற்றவள் என்றாலும் பெண்தானே. அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. "அழுதுரும்மா, நெஞ்சுல வெச்சிக்காத" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நெஞ்சில் ஏதாவது இருந்தால்தானே அழுவதற்கு. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது. எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. காரியம் முடிந்தது, வந்தவர்கள் போனார்கள், நான் சோறு ஆக்கினேன், துணி துவைத்தேன். ஊசி மரப்பு விடவே இல்லை.

அவர் இருக்கும்போதே எனக்கு வேலை போயிருந்தது. பாக்கிங் பிரிவில் இருந்தேன், அந்தத் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிரம்பான் டவுனில், அம்பாங்கான் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் கம்ப்யூட்டர் பயிற்சி நடக்கிறது என்று எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்து, என்னைக் கேட்காமலேயே என் பேரைக் கொடுத்தவர் அவர்தான். பழைய லேப்டாப் ஒன்றும் வாங்கி வந்தார். "இனிமே நீ கம்ப்யூட்டர் ஓட்டு. நான் பின்னால உக்காந்து வர்றேன்" என்றார். பயிற்சி தொடங்கும்போது அவர் இல்லை. பயிற்சிக்காரர்கள் வேன் வந்து நின்றது, ஏறிப் போனேன். வேன் வராமல் இருந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருநாள் வாசலுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார். "அக்கா, கோவிச்சிக்காதீங்கலா. இது லோரி டிரைவர் வீடு. புதுசா ஆளு எடுக்கிறாங்க. தீபாவளி வரைக்கும் நான் பேசி வெச்சிருக்கேன்" என்றார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல முடியாது. அத்தை உள்ளேயிருந்து, "பசியாறிட்டுப் போப்பா" என்று மட்டும் சொன்னார். கிராணி பசியாறாமல் போய்விட்டார். ஆக, எங்கள் இருவருக்கும் தீபாவளிக்குப் பிறகு கூரை வேண்டுமென்றால் எனக்கு ஒரு வேலை வேண்டும்.

பயிற்சி நடத்தியவர் என் வயதுப் பெண். ரஹாங்கில் வீடு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நாங்கள் அவரை மிஸ் என்போம், அவர் எங்களை சிஸ்டர் என்பார். அந்த வெள்ளிக்கிழமை அவர் சொன்னார்: நீலாயில் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர்களை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள் எல்லாம் லினக்ஸ். திங்கட்கிழமை யார் தன் சொந்த லேப்டாப்பில் ஒரு பொய்மெஷின் செய்து, அதில் லினக்ஸை ஓடவிட்டுக் கொண்டுவருகிறார்களோ அவர்கள் பேரைத்தான் கொடுப்பேன்.

பொய்மெஷின் என்பது மிஸ்ஸின் சொல். லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு லேப்டாப் இருப்பதாக நம்ப வைப்பது. உள்ளே இருப்பதற்குத் தான் பொய் என்று தெரியாது. அது பாட்டுக்கு எழுந்து, தனக்குத் தனி டிஸ்க் இருப்பதாகவும் தனி மெமரி இருப்பதாகவும் நினைத்துக்கொண்டு வேலை செய்யும். லினக்ஸ் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், எவனும் வந்து காலி பண்ணு என்று சொல்ல முடியாது என்றார். கிராணியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"நல்லா ஞாபகம் வெச்சிக்குங்க" என்று பலகையில் ஒரு பெரிய பெட்டியும் அதற்குள் ஒரு சின்னப் பெட்டியும் வரைந்தார். "வெளிய இருக்கிறது ஹோஸ்ட். உள்ள வர்றது கெஸ்ட். ஹோஸ்ட்னா வீட்டுக்காரரு. கெஸ்ட்னா விருந்தாளி. விருந்தாளிக்கு எவ்ளோ எடம் குடுக்கணும்னு வீட்டுக்காரருதான் முடிவு பண்ணணும். எல்லாத்தையும் குடுத்துட்டா ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டும்."

வீட்டுக்காரர் என்றதும் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. "எங்க வீட்டுக்காரரு ஒண்ணுமே முடிவு பண்ண மாட்டாரு மிஸ்" என்று ஒருத்தி சொல்ல, இன்னும் சிரித்தார்கள். பிறகு யாரோ என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக என்னைப் பார்த்து நிறுத்தினார்கள். சிரித்துவிட்டுப் போங்களேன் என்று இருந்தது எனக்கு. ஹோஸ்ட் என்றால் வீட்டுக்காரர் என்று மட்டும் மனதில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

நாங்கள் வீட்டுக்காரர் என்றுதான் சொல்வோம், பேரைச் சொல்ல மாட்டோம். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. நேரில் ஏங்க, அத்தையிடம் உங்க மகன், வெளியாட்களிடம் வீட்டுக்காரர். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லி வளர்த்தார். இப்போது டவுனில் என் வயதுக்காரிகள் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் அந்த ஆசை இருந்தது. "ஒரே ஒரு தடவ கூப்புடேன், என்னா ஆவுதுன்னு பாப்பம்" என்று வம்பிழுப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் போனபிறகு ஏறி இறங்கிய எல்லாக் கவுண்டரிலும் புருஷன் பேர் என்ன என்று கேட்டார்கள். அவருடைய அடையாள அட்டையான ஐசியைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். கையால் எழுதச் சொன்னால் எழுதினேன். எழுதி எழுதி, அந்தப் பேர் கைக்குப் பழகிவிட்டது.

லினக்ஸை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். சனி ஞாயிறு வேன் கிடையாது, பெரிய ரோட்டுக்கு நடந்தால் கால் ஓய்ந்துவிடும், அங்கே உட்கார இடமும் இல்லை. சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அத்தையிடம் சொன்னேன்.

"அத்தே, மேட்டுக்குப் போய்ட்டு வர்றேன்."

அத்தை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "எந்த மேட்டுக்கு?"

"லைன் வேணும்."

"பொம்பள அங்க போவக்கூடாதுலா."

"லைன் அங்கதான் இருக்கு."

"செத்தன்னிக்கு நம்மள உடல. இப்ப கம்ப்யூட்டர் பாக்க நீ போற?"

"ஆமா அத்தே."

திட்டுவார் என்று நினைத்தேன். கீரையை முறத்தோடு திண்டில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். முச்சந்தி தாண்டி, மேடு ஏறுகிற இடத்தில் ஒரு வாய்க்கால் பாலம் இருக்கிறது. அதில் உட்கார்ந்துவிட்டார். "நான் இதுக்கு மேல வர மாட்டேன். நீ போ" என்றார்.

மேலே போனேன். புது மண் ஒரு இடத்தில்தான் இருந்தது, அதனால் யாரையும் கேட்கத் தேவையில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன். மாலைகள் காய்ந்து கிடந்தன. பாடையை இறக்கி வைக்கிற தகரக் கொட்டகையில் திண்ணமான சிமெண்ட் மேடை ஒன்று உண்டு. அதில், அவர் மண்ணுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கைப்பேசியிலிருந்து லேப்டாப்புக்கு லைனைக் கொடுத்து, இறக்கத் தொடங்கினேன். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. வங்கியில் நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன். பேய் வரவில்லை, பயம் வரவில்லை, அவர் நினைப்பும் வரவில்லை. முழுதாக இறங்கியதும் மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்பார்கள். எனக்கு அது சிரமமாகவே இல்லை.

வீட்டில் பொய்மெஷினைச் செய்தேன். மெமரியில் பாதி, டிஸ்கில் கொஞ்சம். வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டக்கூடாதே. ஓடவிட்டால் ஓடவில்லை. சிவப்பில் ஒரு குறுக்குக்குறியும், வெர்ச்சுவல் ஏதோ இந்தக் கம்ப்யூட்டரில் அடைக்கப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும். திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தேன், அதே வரி. மிஸ்ஸைக் கேட்கலாம் என்றால் வீட்டில் லைன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் மேடு. அத்தை எதுவும் கேட்காமல் குடையை எடுத்தார்.

"ரொம்ப சூசா இல்ல சிஸ்டர், சுலபந்தான்" என்றார் மிஸ் கைப்பேசியில். "லேப்டாப் சுவிட்ச அடச்சிட்டுத் தெறங்க. தெறக்கும்போதே எஃப் டூவ அமுக்கிக்கிட்டே இருங்க. நீலமா ஒரு பக்கம் வரும். அதுல வெர்ச்சுவல்னு ஆரம்பிக்கிற வரியத் தேடிப் பூட்டத் தெறந்து விடுங்க. நான் சர்ச்சுக்குள்ள போறேன், முடிஞ்சதும் நானே ஃபோன் அடிக்கிறேன்."

நீலப் பக்கம் வந்தது. அந்த வரியும் இருந்தது, பூட்டித்தான் கிடந்தது. திறந்துவிட்டேன். இந்தத் தடவை பொய்மெஷின் எழுந்தது. பெட்டிக்குள் கறுப்பாக ஒரு பெட்டி, அதில் வெள்ளை எழுத்து ஓடியது. மிஸ் கொடுத்தது படம் எதுவும் இல்லாத எளிய வகை, பழைய லேப்டாப் தாங்குவதற்காக. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டே போனேன். எந்த மொழி, எந்த நாடு, எந்த விசைப்பலகை.

ஹோஸ்ட்நேம் என்று கேட்டது.

நான் யோசிக்கவே இல்லை. ஹோஸ்ட் என்றால் வீட்டுக்காரர், நேம் என்றால் பேர். எல்லாக் கவுண்டரிலும் கேட்கிறார்கள், இதுவும் கேட்கிறது. அவர் பேரைத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. அடுத்து என் பேர் கேட்டது. ஐசியில் உள்ளபடியே போட்டேன். என் பேர், ஏ, சாய்கோடு, பி, என் அப்பா பேர். இன்னாருக்குப் பெண் பிள்ளை என்பதை இந்த நாட்டு மொழியில் சுருக்கி, எங்கள் பெண்கள் எல்லார் பேருக்கும் நடுவே அந்த ஏ பி இருக்கும். இது ஏற்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி ஏற்கவில்லை. புருஷன் பேரை ஒரே மூச்சில் வாங்கிக்கொண்ட மெஷினுக்கு என் பேர் கசந்தது. எரிச்சல் வந்தது. எரிச்சலாவது வந்ததே என்று அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

வெயில் ஏறி, கொட்டகைக்குள் சாய்வாக விழுந்து, திரையில் எழுத்து தெரியாமல் போனது. மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். எழுத்து தெரிந்தது. லேப்டாப்புக்கு மேலே அவருடைய மண்ணும் தெரிந்தது. தலைமாட்டில் யாரோ நட்ட குச்சி துளிர்த்திருந்தது. மிஸ் கூப்பிடும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் சிரித்தார். "ஐயோ சிஸ்டர், சாய்கோடு போடக்கூடாது. லினக்ஸ்ல எல்லாமே அந்தச் சாய்கோட்டுலதான் ஆரம்பிக்குது. அத மனுசங்க பேருல போட விடாது. அப்பாவ விட்டுட்டு உங்க பேரு மட்டும், சின்ன எழுத்துல."

என் பேர் மட்டும் போட்டேன். ஏற்றுக்கொண்டது. மிச்சக் கேள்விகளுக்கு மிஸ் சொன்னபடி பதில் போட்டேன். அது தன் வேலையைச் செய்து முடித்து, தானே அடங்கி, தானே எழுந்தது. என் பேரும் கடவுச்சொல்லும் கேட்டது, கொடுத்தேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அதன் முடிவில் ஒரு கோடு மினுக்கி மினுக்கி அணைந்தது.

"வந்துருச்சா? என்னா இருக்குன்னு அப்படியே படிங்க" என்றார் மிஸ்.

முதலில் என் பேர் இருந்தது. பிறகு வட்டத்துக்குள் ஏ போட்ட குறி. அது எங்களுக்குத் தெரிந்த குறிதான். அத்தையின் ஐசியில் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர், நடுவில் அந்தக் குறி. எலியஸ் என்று படிப்போம், இவளேதான் அவளும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் பேர்.

"என் பேரு இருக்கு மிஸ். அப்புறம், எலியஸ்."

"எலியஸ் இல்ல சிஸ்டர், அது ஐசியில. இங்க வேற. இந்த ஆளு இந்த மெஷின்ல இருக்காங்கன்னு அர்த்தம். மெஷினுக்கு ஒரு பேரு வெச்சிருப்பீங்களே, அது வரும். என்னா பேரு வெச்சீங்க?"

மெஷினுக்கா பேர் வைத்தேன்? அப்போதுதான் விளங்கியது. மெஷின் கேட்டது தன் பேரை. நான் கொடுத்தது அவர் பேரை. நான் இருக்கிறேன், அவரிடத்தில் இருக்கிறேன் என்று அந்த வரி சொல்லிக்கொண்டு நின்றது. கோடு மினுக்கியது, அடுத்து என்ன என்று கேட்பது மாதிரி.

கைப்பேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"ஹலோ? சிஸ்டர், லைன் போயிருச்சா?"

"லைன் இருக்கு மிஸ்."

"படிங்க, சரியா இருந்தாத்தான் நாளைக்கு உங்க பேரக் குடுக்க முடியும்."

அவர் ஆயுசு குறையக்கூடாது என்று இத்தனை வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை என்று கேட்ட மனிதரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குறையாமல் காத்த ஆயுசு ஆலை வாசலில், ஹாரன் சத்தத்துக்கு நடுவில் தீர்ந்து போனது. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஹாரன்தான் அடித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அம்மா மேல், அத்தை மேல், அந்த மண் மேல், என் மேல். சொன்னேன்.

"கேக்கல சிஸ்டர்."

எழுந்து நின்று அவர் பேரைச் சத்தமாகச் சொன்னேன். அது படிப்பதாக இல்லை, கூப்பிடுவதாக இருந்தது. மிஸ் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வலித்தது. அவர் போனபிறகு முதல் தடவையாக, எங்கே என்று சொல்ல முடியாமல், எல்லா இடத்திலும் வலித்தது.

திங்கட்கிழமை மிஸ் அந்த வரியைப் பார்த்தார், யார் என்று கேட்கவில்லை, என் பேரைக் கொடுத்தார். நீலாயில் வேலை கிடைத்தது, தீபாவளிக்கு முன்பே மந்தினில் வாடகைக்கு வீடு பார்த்தோம். அதெல்லாம் பின்னால். அன்றைக்கு நான் லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கினேன்.

அத்தை பாலத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டு நடுப்பாதையில் நின்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அவனக் கூப்பிட்டது?"

"நாந்தான் அத்தே."

என் முகத்தைப் பார்த்தார். வழக்கத்தை மீறியதற்கு ஏதாவது சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

"இங்க வரைக்கும் நல்லா கேட்டுச்சு" என்றார். "எனக்கு அங்க வர காலு வராது. நீ போயி இன்னொருக்கா கூப்புடு."

லேப்டாப்பையும் கைப்பேசியையும் அத்தை கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் மேடு ஏறினேன்.